உடல் பருமனும் மகப்பேறும்: பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

(மகளிர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில், மகப்பேறு பிரிவில் செவிலியராகப் பணியாற்றும் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேசுகிறேன் என்று சொன்னதும் ஏற்பாட்டுக் குழுத் தோழர் ஒருவர் தயங்கினார். "பிள்ளை பெறச் சொல்லித்தான் ஊரே இருக்கிறதே, நம் மேடையிலும் அதுதானா தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்று தனி அதிகாரமே எழுதியவர் பெரியார். மற்றவர்கள் உடல்நலம், வறுமை என்று காரணம் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்றார். அந்த விடுதலையின் பொருள், முடிவு அவளுடையது என்பதுதான். வேண்டாம் என்பவளை ஊர் தொந்தரவு செய்யக் கூடாது. வேண்டும் என்பவளை மருத்துவமனையும் உறவும் சேர்ந்து அவமானப்படுத்தக் கூடாது. இரண்டாவதைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம். அதனால்தான் வந்தேன்.

முதலில் என் கதை. எனக்குத் திருமணமானபோது வயது 27. எடை 92 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் இருவரும் பேசி வைத்துத் தள்ளிப்போட்டோம். மூன்றாம் ஆண்டு முயன்றோம், தங்கவில்லை. ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண் எடை எந்திரத்தில் ஏறச் சொல்லிவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி "தொண்ணூத்தி ரெண்டு" என்றார். உள்ளே போனால் மருத்துவர் என் மாதவிடாய் எப்படி வருகிறது என்று கேட்கவில்லை. என் இணையரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "இருபது கிலோ குறைச்சிட்டு வாம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். எப்படிக் குறைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

நான் செவிலியர். அடுத்தவர் பிரசவத்துக்கு இரவு பகலாக நிற்கிறவள். எனக்கே அன்று பேச்சு வரவில்லை. அப்படியென்றால் கூலி வேலைக்குப் போகிற ஒரு தங்கை அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆவாள் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த ஓராண்டு நான் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. வெட்கத்தில் இழந்த ஓராண்டு அது.

இது ஒரு சிலரின் பிரச்சினை இல்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9 விழுக்காடு. இந்திய அளவில் 24 விழுக்காடு. இதே ஆய்வில் நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகையும் இருக்கிறது. அதாவது உடம்பு பெரிதாக இருக்கிறது, இரத்தம் குறைவாக இருக்கிறது. "நல்லாத்தானே இருக்கா, அவளுக்கு எதுக்கு சத்து மாத்திரை" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எடையை எப்படி அளக்கிறார்கள்? கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீட்டெண். பி.எம்.ஐ. என்பார்கள். எனக்கு அது 36.9. உலக அளவில் 30க்கு மேல் உடல் பருமன். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், இந்திய மருத்துவர்கள் 25இலிருந்தே உடல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். இது ஒரு கணக்கு, அவ்வளவுதான். உங்கள் ஒழுக்கத்துக்கோ உழைப்புக்கோ போட்ட மதிப்பெண் இல்லை.

எடை கூடினால் கருத்தரிப்பதில் என்ன சிக்கல்? கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை, அது ஹார்மோன்களைச் சுரக்கிறது, மாற்றுகிறது. கொழுப்பு கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது, உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரக்கும். அந்த இன்சுலின் சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டும். முட்டை முதிர்ந்து வெளியே வருவது தடைப்படும். மாதவிடாய் தள்ளிப்போவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது எல்லாம் இதன் அடையாளங்கள். சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்கிற பி.சி.ஓ.எஸ். இதோடு சேர்ந்தே வரும். பெயரைக் கேட்டு வயிற்றில் கட்டி என்று பயப்படாதீர்கள். ஸ்கேனில் தெரிவது முதிராமல் நின்றுபோன முட்டைகளின் பைகள். அதை வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் பருமனாக இருக்கும் பெண்களில் ஏராளமானோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் கருத்தரிக்கிறார்கள். எங்கள் வார்டில் தினமும் பார்க்கிறேன். 'குண்டா இருந்தா குழந்தை பிறக்காது' என்பது பொய். வாய்ப்பு குறையலாம், நாள் ஆகலாம் என்பதே உண்மை. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை, நமக்கு எங்கே தங்கப்போகிறது என்று கருத்தடை இல்லாமல் இருந்துவிட்டு, வேண்டாத கருவோடு வருகிறவர்களும் உண்டு.

இப்போது ஆண்களிடம் வருகிறேன். முன்வரிசையில் சில தோழர்கள் இருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் பரிசோதனைக்குப் போகலாம். பெண்ணுக்கு வயது 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. ஆறு பெண்களில் ஒருவர் என்று சொல்லவில்லை, ஆறு பேரில் ஒருவர் என்றுதான் சொன்னது. ஆணின் பருமனும் விந்தணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் பாதிக்கிறது. சிகரெட்டும் சாராயமும் பாதிக்கின்றன. விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் குறைவு. இருந்தும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பெண்ணுக்கு இரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, கருக்குழாயில் மருந்து செலுத்திப் படமெடுத்து, கோயில் கோயிலாகச் சுற்ற வைத்து, கடைசியில்தான் "அவரையும் ஒரு தடவை பாத்துடலாமா" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறோம். மலடி என்ற வசைச்சொல் தெருவெங்கும் புழங்குகிறது. மலடன் என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? முதல் நாளே இருவருக்கும் பரிசோதனை என்று சொல்லுங்கள். மறுக்கிற ஆணுக்குக் குழந்தை வேண்டும் என்று கேட்கும் தகுதி இல்லை.

அடுத்து எடையைக் குறைப்பது. 20 கிலோ என்று என்னிடம் சொன்னாரே, அது அவ்வளவு தேவையில்லை. இருக்கும் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்குச் சினைப்பை மறுபடி வேலை செய்யத் தொடங்கும். 92 கிலோவுக்கு அது 5 முதல் 9 கிலோ. இதை அன்றே யாராவது சொல்லியிருந்தால் நான் ஓராண்டை இழந்திருக்க மாட்டேன். வயது 35ஐ நெருங்குகிறவர்கள் எடை குறையட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. வயதும் முட்டையைக் குறைக்கிறது. இரண்டையும் வைத்து மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் நம் அரசியல் தானாக வந்துவிடுகிறது. மருத்துவமனைகளில் தரும் உணவு அட்டவணையைப் பார்த்திருக்கிறீர்களா? பாதாம், ஆப்பிள், பனீர், ஓட்ஸ். யாருடைய சமையலறை அது? எங்கள் வீட்டில் ரேஷன் அரிசி உண்டு, கிலோ 30 ரூபாய்க்கு வாங்கிய துவரம் பருப்பு உண்டு, பாமாயில் உண்டு, கருவாடு உண்டு, ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி உண்டு. 2017இல் ஒன்றிய அரசின் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட தாய்-சேய் நலக் கையேடு, கர்ப்பிணிகள் முட்டையும் இறைச்சியும் தவிர்க்க வேண்டும் என்றது. பாதிப் பெண்களுக்கு இரத்தசோகை உள்ள நாட்டில் சொன்ன அறிவுரை அது! கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறி புரதமும் இரும்புச்சத்தும் நிறைந்த உணவு. அதை விலையும் தந்து, வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள். நன்றாக வேக வையுங்கள், எண்ணெயில் பொரிக்காதீர்கள்.

நான் செய்த மாற்றம் மிகச் சாதாரணம். தட்டில் சோற்றைப் பாதியாக்கினேன். அந்த இடத்தில் கீரை, காய், சுண்டல் வைத்தேன். தினமும் ஒரு முட்டை. இரவுப் பணியில் நான்கு முறை குடித்த சர்க்கரை போட்ட டீயை ஒன்றாக்கினேன். டீயோடு தின்ற பிஸ்கட்டையும் பஜ்ஜியையும் நிறுத்தினேன். எட்டு மாதத்தில் 7 கிலோ குறைந்தது. பட்டினி கிடக்கவில்லை. விளம்பரத்தில் வரும் பவுடர் எதுவும் வாங்கவில்லை.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்வோம். எங்கே நடப்பது? என்னிடம் வந்த ஒரு தங்கை காலனியில் இருப்பவள். அவள் தெருவில் விளக்கு இல்லை. தார்ச்சாலைக்கு வர வேண்டுமென்றால் ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். அதிகாலையில் சுடிதாரும் ஷூவும் போட்டுக்கொண்டு போனால், திண்ணையில் இருப்பவர் "என்ன, கொழுப்பைக் கரைக்கவா?" என்று கேட்கிறாராம். கொழுப்பு என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு பொருள் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படித்தால் கொழுப்பு, நல்ல துணி உடுத்தினால் கொழுப்பு, நிமிர்ந்து நடந்தால் கொழுப்பு. அவள் இரண்டு நாளில் நடையை நிறுத்திவிட்டாள். மருத்துவக் குறிப்பில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். பிறகு அவளும் அவள் தெருப் பெண்கள் நான்கு பேரும் சேர்ந்து பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி, மாலையில் பள்ளி மைதானத்தைத் திறக்க வைத்தார்கள். இப்போது அங்கே பன்னிரண்டு பெண்கள் நடக்கிறார்கள். தெருவிளக்கும் மைதானமும் மகப்பேறு மருத்துவத்தில் சேர்ந்தவை என்று நான் சொல்வது இதனால்தான்.

கருத்தரிக்கும் முன்பே செய்ய வேண்டியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கி, கருவுற்ற 12 வாரம் வரை சாப்பிட வேண்டும். குழந்தையின் தண்டுவடமும் மூளையும் ஒழுங்காக உருவாக அது தேவை. வழக்கமான அளவு 400 மைக்ரோகிராம். பி.எம்.ஐ. 30க்கு மேலிருந்தால் 5 மில்லிகிராம் என்று பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதல் சொன்னது, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, இரத்த அளவு நான்கையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இருந்தால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவை 6.5க்குக் கீழே கொண்டுவந்துவிட்டுக் கருத்தரிப்பது நல்லது. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில கருவுக்கு ஆகாதவை. அவற்றை நீங்களே நிறுத்தாதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். எடை குறைக்க இப்போது பேசப்படும் செமாகுளூட்டைட் ஊசி போடுகிறவர்கள், கருத்தரிக்க முயலும் முன் குறைந்தது 2 மாதத்துக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் 12 முதல் 18 மாதம் காத்திருக்க வேண்டும்.

எனக்கு முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள். இந்த முறை நாங்கள் போனது அரசு மருத்துவமனைக்கு. அங்கிருந்த மருத்துவர் முதலில் என்னை உட்காரச் சொன்னார், பிறகு இருவரையும் பரிசோதித்தார். முதல் கரு 8 வாரத்தில் கலைந்தது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "அந்த உடம்புல எப்படித் தங்கும்?" என்று என் அத்தையிடம் கேட்டது என் காதில் விழுந்தது. பல மாதம் அந்த வாக்கியத்தோடு தூங்கினேன். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். எடை கூடினால் கருச்சிதைவு வாய்ப்பு ஓரளவு கூடும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் கோளாறால் கலைபவை. எந்த எடையில் இருக்கும் பெண்ணுக்கும் அது நடக்கும். கலைந்தவளிடம் போய்க் காரணம் தேடாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

ஏழு மாதம் கழித்து மறுபடி கருவுற்றேன். கர்ப்பம் உறுதியானதும் வீட்டில் "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்றார்கள். கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு ஏறத்தாழ 350 கலோரி. இரண்டு இட்லி, சாம்பார், ஒரு முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பருமனான பெண்களுக்கு அதுகூட முழுதாகத் தேவைப்படாது. பி.எம்.ஐ. 30க்கு மேலிருப்பவர் கர்ப்ப காலம் முழுவதும் 5 முதல் 9 கிலோ கூடினால் போதும் என்பது அமெரிக்க மருத்துவக் கழகம் 2009இல் தந்த அளவு. அதற்காகக் கர்ப்பத்தில் எடை குறைக்கப் பட்டினி கிடக்கக் கூடாது.

இரண்டு ஆபத்துகளைக் கண்காணிக்க வேண்டும். ஒன்று, கர்ப்ப காலச் சர்க்கரை. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தப் பரிசோதனை 2007இலேயே கொண்டுவரப்பட்டது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் சர்க்கரை. முதல் பரிசோதனையிலேயே ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு முறை. முதலில் சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். எனக்கு 26ஆம் வாரத்தில்தான் தெரிந்தது, இன்சுலின் போட்டுக்கொண்டேன். இன்சுலின் குழந்தைக்குப் போகாது, பயம் வேண்டாம்.

இரண்டாவது, இரத்த அழுத்தம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது ஆகியவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும். "பெரிய பட்டை இருக்கா சிஸ்டர்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பிரசவத்தில் சிசேரியன் வாய்ப்பு அதிகம், மயக்க ஊசி போடுவது சற்றுக் கடினம், தையல் சீழ் பிடிக்கலாம், காலில் இரத்தம் உறையலாம். அதனால் மயக்க மருத்துவரும் இரத்த வங்கியும் உள்ள இடத்தை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அறுவைக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்கிறார்களோ அவ்வளவு சீக்கிரம் நடக்க வேண்டும். பால் ஊறுவது ஓரிரு நாள் தாமதமாகலாம். "இவ்வளவு பெரிய உடம்பு, பால் இல்லையே" என்று கேலி பேசுகிறவர்களை அறையை விட்டு அனுப்பிவிட்டு, குழந்தையை அடிக்கடி மார்பில் போடச் செவிலியரின் உதவியைக் கேளுங்கள். சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமாகி 6 வாரத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அம்மாவின் சோதனையை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

எனக்கு 38ஆம் வாரத்தில் சிசேரியன். மகள், 3.4 கிலோ. இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். என் எடை இன்னும் 80க்கு மேல்தான். இதைச் சொல்லக் காரணம், ஒல்லியாகி வென்ற கதை இல்லை இது. சரியான மருத்துவம் கிடைத்ததால் நடந்த பிரசவம்.

நம் கூட்டங்களிலும் "குண்டு", "யானை" என்ற கேலி உண்டு. சாதிப் பெயரால் ஒருவரை இழிவு செய்தால் எழுந்து நிற்கிற நாம், உடம்பைச் சொல்லி இழிவு செய்யும்போது சிரிக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன். அதை நிறுத்த வேண்டும்.

மருத்துவமனைகளிடம் நாம் கேட்க வேண்டியவை இவை. எடையைத் தனியாகப் பார்த்து, உரக்கச் சொல்லாமல் எழுதுங்கள். பெரிய பட்டையும் பலமான பரிசோதனை மேசையும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வையுங்கள். குழந்தையின்மைக்கு வரும் இணையரில் இருவரையும் முதல் நாளே பரிசோதியுங்கள். 'குறைச்சிட்டு வா' என்று அனுப்புமுன், எப்படிக் குறைப்பது என்பதை அவள் வீட்டு அடுப்பில் வேகும் உணவை வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் தெருவில், உறவில் வெட்கப்பட்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கும் ஒரு பெண் இருப்பாள். அடுத்த முறை அவளோடு நீங்களும் போய் அந்த அறையில் உட்காருங்கள். என்னோடு அன்று யாராவது ஒருவர் வாய் திறந்து பேசியிருந்தால் அந்த ஓராண்டு வீணாகியிருக்காது.